இரண்டு விநாடி

கணுக்கால் உடைந்தது
வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் படியில்.
ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஸ்கேன் மெஷின் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது, அது சட்டம்.
நான் என் வாசலைத் தாண்ட முடியாது, இது எலும்பு.
ஆகவே தண்டையார்பேட்டை மூன்றாம் மாடியில்
இரண்டு தலையணை மேல் காலை ஏற்றி வைத்து
லேப்டாப்பில் வகுப்பெடுக்கிறேன்
ராயபுரத்தில் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கும்
நாலு பிள்ளைகளுக்கு.

இடது ஜன்னலில் கை.
சலைன் ஸ்டாண்டில் பேண்டேஜால் கட்டிய போன் காட்டுவது.
வலது ஜன்னலில் கை பார்ப்பது.
அது மட்டும் இரண்டு விநாடி
தாமதமாக வரும்.
ஏனென்று கேட்டால்
நெட்காரன் லைனைச் சொல்கிறான்,
காலேஜ்காரன் நெட்காரனைச் சொல்கிறான்.

தொடுவதைச் சொல்லித் தர
வாயில் என்ன இருக்கிறது?
நேரில் என்றால் விரல்மேல் விரல் வைத்து
இவ்வளவுதான் என்று முடித்திருப்பேன்.
இப்போது சொல்கிறேன்:
அழுத்தும்மா, காசிமேட்டில் சங்கராவை அழுத்திப் பார்ப்போமே, அப்படி.
நாங்க சைவம் மேடம், என்கிறாள் கோமளவல்லி.
சரி, பழுத்த பப்பாளி.
இப்போது சரியாக அழுத்துகிறாள்.

படுத்திருப்பவர் வார்டு ஊழியர் துளசிராமன்.
டூட்டி முடிந்து வருவார்.
ஒரு டீ, ஒரு பன் பட்டர் ஜாம்,
அதற்கு நாலு வாரமாக வயிற்றைக் கொடுத்திருக்கிறார்.
ஜெல் பட்டதும் ஒவ்வொரு நாளும் அதே கேள்வி:
ஆணா பொண்ணா டாக்டர்?
ஒவ்வொரு நாளும் பிள்ளைகள்
சுவரிலிருக்கும் போர்டைக் காட்டுவார்கள்,
அது இங்கே சொல்லப்படுவதில்லை என்று.
ஒவ்வொரு நாளும் சிரிப்பு.

பித்தப்பை பார்த்தாயிற்று.
கல்லீரல், இரண்டு சிறுநீரகம்,
நிரம்பிய மூத்திரப்பை, நிரம்பாத மூத்திரப்பை.
இன்று பெருந்தமனி.

தமீமின் முறை.
அதிகம் பேசாத பையன்.
கேமராவுக்கு முகம் காட்டாததால்
நகம் கடித்த கட்டைவிரலை வைத்துத்தான்
அவனை எனக்குத் தெரியும்.
நடுவயிறு, குறுக்காக வை.
முதுகெலும்பைத் தேடு, வெள்ளை வளைவு,
அதற்குக் கீழே இருட்டு.
எலும்பைத் தாண்டி ஒலி போகாது.
வளைவுக்கு முன்னால் துடிக்கும் கருப்பு வட்டம்.
மெல்லக் கீழே இறங்கு.
வாயு குறுக்கே வந்தால் அவசரப்படாதே.
அழுத்திக் காத்திரு, விலகும்.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள்
துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கின்றன.
ஒன்று நகர்ந்தால்
என் மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும்.

கை இறங்கியது.
தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே
கை நின்றது.

நான் நிறுத்தச் சொல்லவில்லை.
வலது ஜன்னலில் இன்னும் வாயுதான்,
சாம்பல் புகை.
அந்தக் கட்டைவிரல் மட்டும்
புரோபின் மேல் வெளுத்திருந்தது.

அந்த இரண்டு விநாடியில்
ராயபுரத்துக்குத் தெரிந்திருந்தது
தண்டையார்பேட்டைக்குத் தெரியாதது.

பிறகு படம் வந்தது.
வட்டம் இல்லை அது,
ஊதிய ஒன்று.
சுவரோடு சுவராக அளக்கச் சொன்னேன்.
நான்கு புள்ளி ஆறு.
இரண்டு இருந்தால் போதும் அங்கே.

நாலு வாரம்.
அவர் வயிற்றுக்குள் ஊரெல்லாம் சுற்றினோம்.
பாடத்திட்டத்தில் இன்றுதான் என்று
இந்தத் தெருவுக்குள் மட்டும் நுழையவில்லை.

யாரும் பேசாததைக் கவனித்துவிட்டு
துளசிராமன் தலையைத் தூக்கினார்.
இன்னா டாக்டர், ரெட்டைப் புள்ளையா?

ரத்தநாள சர்ஜனின் எண் என் போனில் இருக்கிறது.
இன்றைக்கே வெடிக்காது.
பீடியை விடவேண்டும், பிரஷர் பார்க்கவேண்டும்.
இதெல்லாம் வாக்கியமாக வாயில் வந்து நின்றது.
என் மைக் மூடியிருந்தது.
திறக்கப் போனேன்.

அதற்குள் இடது ஜன்னலில்
தமீம் புரோபை ஸ்டாண்டில் மாட்டினான்.
டிஷ்யூ தீர்ந்திருந்தது.
தன் கைக்குட்டையை எடுத்து
அந்த வயிற்றிலிருந்த குளிர்ந்த ஜெல்லை
மேலிருந்து கீழாக,
மடிப்பு மடிப்பாகத் துடைத்தான்.
சட்டையை இழுத்துவிட்டான்.
உக்காருங்கண்ணே, பேசலாம், என்றான்.

நான் மைக்கைத் தொடவில்லை.
வலது ஜன்னலில்,
ஆளில்லாமல் இன்னும் இரண்டு விநாடி
அது துடித்துக்கொண்டிருந்தது.